பழைய ஹொக்கி வீரரின் சம்பளப் பக்கம்: நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டக்காரரைத் தேடிப் படிக்கும் வழி

கனடாவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒருநாள் இந்த வேலை வந்து சேரும். பாடசாலையில் பாரம்பரியக் கண்காட்சி என்பார்கள். பிள்ளை மடிக்கிற அட்டை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பனி ஹொக்கிக்காரர் ஒருவரைப் பற்றித்தான் செய்வேன் என்று நிற்கும். மார்க்கம் நகரில் ஹொக்கி ஆடுகிற என் பேரனுக்குச் செய்து கொடுத்ததைப் பார்த்து, அவனுடைய கூட்டாளிகளின் தாய் தகப்பன்மாரும் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதிவிடலாம்.

நான் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவன். சறுக்கத் தெரியாது. தொலைக்காட்சியில் பக் (அடித்து ஆடுகிற சின்னத் தட்டு) எந்தப் பக்கம் போகிறது என்று இன்னும் பிடிபடுவதில்லை. ஆனால் சம்பளப் புத்தகத்தைக் காட்டினால் ஒருவன் எங்கே வேலை செய்தான், ஏன் விலகினான், எந்தக் காலத்தில் கை காய்ந்து இருந்தான் என்று சொல்லிவிடுவேன். முதல் தலைமுறைத் தொழில்முறை ஹொக்கிக்காரர்களை இந்த வழியால்தான் படிக்க வேண்டும். கோல் கணக்கில் தொடங்கினால் ஒன்றும் விளங்காது.

உதாரணத்துக்குப் பிரெட் ரெய்லரை எடுத்துக்கொள்கிறேன். 'சைக்ளோன்' ரெய்லர் என்றால் கனடாக்காரர் வயதானவர்களுக்குத் தெரியும். 1884இல் ஒன்ராறியோவில் தாரா என்ற சிற்றூரில் பிறந்தவர், லிஸ்டோவலில் வளர்ந்தவர், 1979இல் வன்கூவரில் இறந்தார். ஊர் ஊராக, லீக் லீக்காக மாறினவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு காசுக் கதை இருக்கிறது. பழகுவதற்கு இவரை விட நல்ல ஆள் கிடையாது.

முதலில் என்எச்எல் பக்கத்தை மூடுங்கள்

என்எச்எல் என்றால் இன்றைய பெரிய ஹொக்கி லீக்; பிள்ளைகள் நேராக அதன் இணையப் பக்கத்துக்குத்தான் போகும். ரெய்லரை அங்கே தேடிப் பயனில்லை, அவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. என்எச்எல் பிறந்தது 1917 நவம்பர் 26இல், மொன்றியலின் வின்ட்சர் ஹோட்டலில். ரெய்லர் அப்போது மேற்குக் கரையில் வேறொரு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய பதினைந்து வருடம்தான் ஆரம்பகாலத் தொழில்முறை ஹொக்கியின் உண்மையான காலம். அதில் லீக்குகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை முளைத்து, பிரிந்து, பெயர் மாற்றிக்கொண்டன.

ஒரு கொப்பியில் ஐந்து கட்டம் போடுங்கள்: பருவம், ஊர், காசு கொடுத்தது யார், அவர் பார்த்த மற்ற வேலை, ஆட்டமும் கோலும். பருவத்தை 1909-10 என்று இரண்டு வருடமாகவே எழுத வேண்டும். ஹொக்கி மாரியில் ஆடுவது, வருடம் நடுவில் மாறிவிடும். 1910 என்று மட்டும் எழுதினால் எந்த மாரி என்று தெரியாமல் போய், சரியாக ஒரு வருடம் பிசகும். கடைசிக் கட்டத்தைக் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும். பிள்ளை அழும், விடாதீர்கள்.

வெற்றிடத்தைப் பார்க்கப் பழகுங்கள்

பட்டியலில் ஒரு பருவம் காலியாக இருந்தால் காலில் அடிபட்டிருக்கும் என்று நினைப்போம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அது தண்டனை.

ரெய்லரின் முதல் வெற்றிடம் 1904-05. ரொறன்ரோவின் மார்ல்பரோஸ் அணிக்கு வரச் சொல்லி ஒன்ராறியோ ஹொக்கி சங்கத்தின் செயலாளர் வில்லியம் ஹியூவிற் அழைத்தார். ரெய்லர் மறுத்தார். சங்கத்தின் ஆட்டங்களில் அந்தப் பருவம் முழுவதும் இடமில்லாமல் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: அது சம்பளமில்லாத ஆட்டம். காசு வாங்கினால் ஆயுளுக்கும் தடை, வாங்காவிட்டாலும் எந்த ஊருக்கு ஆடலாம் என்று இன்னொருவர்தான் சொல்வார். முதலாளி இல்லாத வேலையில் இப்படி ஒரு முதலாளித்தனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அவர் மனிற்றோபாவில் போர்ட்டேஜ் லா பிரேரிக்குப் போனார். அங்கிருந்து, அதே மாரியிலேயே, எல்லை தாண்டி மிச்சிகனில் ஹோட்டன் என்ற ஊருக்கு. கொப்பியில் இந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தி, ஏன் மிச்சிகன் என்று கேளுங்கள். ஹொக்கி கனடாவின் ஆட்டம், ஆட்டக்காரரும் கனடாக்காரர், பிறகு ஏன் அமெரிக்காவில் ஒரு சிற்றூர்?

விடை செம்பு. அந்தப் பக்கம் செம்புச் சுரங்கப் பணம் புரண்ட காலம். ஒன்ராறியோவிலிருந்து போன ஜாக் கிப்சன் என்ற பல் வைத்தியர் அங்கே அணி கட்டினார். 1904இல் சர்வதேசத் தொழில்முறை ஹொக்கி லீக் தொடங்கியது. எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் லீக் அதுதான். ஹோட்டனின் போர்ட்டேஜ் லேக்ஸ், பக்கத்துக் கலுமெற், சூ செயின்ற் மேரி என்ற பெயரில் எல்லையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அணி, பிற்ஸ்பேர்க். பருவத்தின் மிச்சத்துக்கு 400 டொலரும் செலவும் என்று ரெய்லருக்குப் பேச்சு. 1906லும் 1907லும் போர்ட்டேஜ் லேக்ஸ்தான் சம்பியன். 1907உடன் லீக் முடிந்தது. கனடாவில் கிழக்குப் பக்க லீக் தொழில்முறை ஆட்டக்காரரைச் சேர்க்கலாம் என்று 1906இலேயே கதவைத் திறந்துவிட்டதால், வீட்டுக்குப் பக்கத்தில் காசு கிடைக்கும்போது ஒருவரும் ஹோட்டனில் நிற்கவில்லை.

இந்தப் பகுதிக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தொகுப்பு இருக்கிறது. கலுமெற்றின் பழைய பத்திரிகைகள் அதில் உண்டு. தேடும்போது 'பிரெட் ரெய்லர்' என்று அடித்தால் குப்பைதான் வரும். அந்தக் காலத்துப் பத்திரிகை ஆட்டக்காரரின் முதற்பெயரை எழுதாது, அந்தக் குடும்பப் பெயரோ ஊருக்கு நூறு பேருக்கு உண்டு. எதிரணியின் பெயர், மாதம், 'ஹொக்கி' என்ற சொல் மூன்றையும் சேர்த்து அடியுங்கள். இயந்திரம் வாசித்த எழுத்து என்பதால் பிழை நிறைய. தேடலில் வராவிட்டால் ஆட்டத்துக்கு அடுத்த நாள் பத்திரிகையை எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு பத்திரிகை இல்லை, திங்கட்கிழமையைத் திறவுங்கள்.

இன்னொன்று. சைக்ளோன் என்ற பட்டப்பெயர் ஒட்டாவாவில் ஒட்டிக்கொண்டது. ஆளுநர் நாயகம் ஏர்ள் கிரே ஆட்டம் பார்க்க வந்தபோது சொன்னார் என்பார்கள். ஆகவே 1906 பற்றிய குறிப்பில் 'சைக்ளோன்' என்று இருந்தால் அது பின்னால் எழுதப்பட்டது. அதை அந்தக் காலத்துச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

சம்பளம் எப்போதும் காசாக வராது

1907-08இல் ரெய்லர் ஒட்டாவாவுக்கு வந்தார். நாலாவது கட்டம் முதல்முறை நிரம்புவது இங்கேதான். கையில் கொடுத்த காசோடு மத்திய அரசில் ஒரு நிரந்தர உத்தியோகமும் பேச்சில் இருந்தது: உள்துறையின் குடிவரவுப் பகுதியில் எழுதுவினைஞர். ஒட்டாவா அரசாங்க ஊர். அங்கே அணி நடத்துகிறவர்களுக்குக் காசை விட உத்தியோகம் கொடுப்பது சுலபம். யாழ்ப்பாணத்தில் பெண் கொடுக்கிற வீடு மாதிரி, அவர்களும் அரசாங்க உத்தியோகத்தின் பெறுமதி தெரிந்து பேசியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த மூலம் இதில்தான் வருகிறது. அரசாங்க ஊழியர் பெயர்ப்பட்டியலை அந்தக் காலத்தில் வருடாவருடம் அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். ஆள், திணைக்களம், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் இலவசம். கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்த நிறுவனத்தின் தளத்தில் 1901, 1911, 1921 குடிசன மதிப்பீட்டையும் பார்க்கலாம். ஆட்டக்காரர் தன் தொழில் என்று மதிப்பீட்டுக்காரரிடம் என்ன சொன்னார் என்பதைப் பாருங்கள். ஹொக்கி என்று சொன்னவர் அபூர்வம்.

1909இல் ஒட்டாவாவுடன் ஸ்ரான்லி கிண்ணம், ஹொக்கியின் உச்சப் பரிசு. அட்டையில் ஒரு வரி போதும்.

அடுத்த மாரிதான் எல்லோரும் எழுதுகிற மாரி. ரென்ஃப்ரூ என்ற ஒட்டாவாப் பள்ளத்தாக்குச் சிற்றூரில் ஓ'பிரையன் குடும்பம் சுரங்கத்திலும் ரயில்பாதையிலும் சம்பாதித்த பணத்தை ஹொக்கியில் இறக்கியது. இருந்த லீக் அவர்களைச் சேர்க்க மறுத்தது. 1909 டிசம்பரில் புது லீக்கே தொடங்கிவிட்டார்கள். அதுதான் தேசிய ஹொக்கி சங்கம், மொன்றியல் கனேடியன்ஸ் பிறந்ததும் அதோடு. ரெய்லருக்கு 5,250 டொலர் என்று பத்திரிகைகள் எழுதின, ஆட்டம் 12. ஆட்டத்துக்கு 437 டொலர் ஐம்பது சதம்.

இது பெரிய காசா என்று பிள்ளைக்கு விளக்குவது எப்படி? இன்றைய பெறுமதிக்கு மாற்றிக் காட்டுகிற கணிப்பான்கள் இணையத்தில் இருக்கின்றன, நான் நம்புவதில்லை. அதே புத்தகத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள். அடுத்த பருவம், 1910-11இல், கைச் செலவு தாங்காமல் அணிகள் ஒரு உச்சவரம்பு போட்டன: ஒரு அணியின் எல்லா ஆட்டக்காரருக்கும் சேர்த்து 5,000 டொலர். முதல் வருடம் ஒரே ஆள் வாங்கினதை விட 250 குறைவு. ஆட்டக்காரர்கள் கொதித்ததில் என்ன ஆச்சரியம்? ஆர்ட் ரொஸ் என்ற ஆட்டக்காரர் தனி லீக் தொடங்குவோம் என்று கிளம்பினார், நடக்கவில்லை. அட்டையில் இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னால், பார்க்க வருகிற ஆசிரியருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தனை செலவழித்தும் ரென்ஃப்ரூவுக்குக் கிண்ணம் வரவில்லை. 1910இல் அது மொன்றியல் வொண்டரர்ஸுக்குப் போனது.

பின்னோக்கிச் சறுக்கிய கோல்

ரெய்லர் என்றால் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். பழைய அணியான ஒட்டாவாவுக்கு எதிராகப் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கோல் அடிப்பேன் என்று சவால் விட்டார், அடித்தும் காட்டினார் என்பது கதை. கதையை அட்டையிலிருந்து வெட்டத் தேவையில்லை, சோதித்துப் போடுங்கள்.

இரண்டு ஆட்டம் இருக்கிறது. முதலாவது 1910 பெப்ரவரி 12, சனிக்கிழமை, ஒட்டாவாவில். ஒட்டாவா 8-5 என்று வென்றது, ரெய்லருக்குக் கோல் இல்லை. இரண்டாவது மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, ரென்ஃப்ரூவில்; 17-2 என்று ரென்ஃப்ரூ அடித்து நொறுக்கியது. கோல் இதில்தான். உள்ளூர்ப் பத்திரிகையான ரென்ஃப்ரூ மேர்க்குரியில் வந்தது என்னவென்றால், அவர் வழக்கம்போல் வேகமாக வந்து, திரும்பி, கொஞ்சத் தூரம் பின்னோக்கிப் போய், அடித்தார் என்பதுதான். பிற்காலக் கட்டுரைகளில் அந்தக் கொஞ்சத் தூரம் நீண்டு, முழு அணியையும் பின்பக்கமாகவே ஊடறுத்துப் போனார் என்று வளர்ந்துவிட்டது. ஆட்டத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டதை மேலே ஒட்டுங்கள், தூரத்தில் எழுதப்பட்டதைக் கீழே. ஸ்கோரையும் எழுதுங்கள். பதினைந்து கோல் இடைவெளியில் விளையாட்டுக் காட்டுவது வேறு, ஒரு கோல் இடைவெளியில் காட்டுவது வேறு.

1911-12இல் இரண்டாவது வெற்றிடம். ரென்ஃப்ரூ லீக்கை விட்டது, ஆட்டக்காரரைப் பங்கு போட்டார்கள், ரெய்லரின் உரிமை மொன்றியல் வொண்டரர்ஸுக்குப் போனது. அவருடைய உத்தியோகமோ ஒட்டாவாவில். மொன்றியலுக்குப் போகமாட்டேன் என்றார். பருவம் ஏறக்குறைய முழுவதும் வெளியில். பெயர் இருந்த உச்சத்தில் ஒரு மாரியை இழந்ததை நாலாவது கட்டம் இல்லாமல் விளக்க முடியாது.

கோல் கட்டத்துக்கு இப்போது வரலாம்

1912-13இல் வன்கூவர். லெஸ்ரர், ஃபிராங்க் பற்றிக் சகோதரர்கள் குடும்ப மரத்தொழிலை விற்ற காசில் பசிபிக் கரை லீக்கைத் தொடங்கி, வன்கூவரிலும் விக்ரோறியாவிலும் செயற்கைப் பனி றிங்க் (ஆடுகளம்) கட்டினார்கள். கனடாவில் அவைதான் முதல். வன்கூவரின் டென்மன் அரங்கில் பத்தாயிரம் பேர் இருக்கலாம். இருவரும் ரென்ஃப்ரூவில் ரெய்லரோடு ஆடினவர்கள், அறிந்த ஆளை அழைத்தார்கள்.

இங்கே வந்ததும் கோல் கூரையைப் பிய்க்கிறது. ஒட்டாவாவில் பருவத்துக்குப் பத்துக்கும் குறைவு. வன்கூவரில் 1914-15இல் 16 ஆட்டத்தில் 23, 1917-18இல் 18 ஆட்டத்தில் 32. முப்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆள் திறமானாரா? இல்லை, வேலை மாறியது. ஒட்டாவாவிலும் ரென்ஃப்ரூவிலும் அவர் தற்காப்பில், கவர் பொயின்ற் என்ற இடத்தில் நின்றவர். வன்கூவரில் முன்வரிசையிலும் ரோவராகவும் ஆடினார். ரோவர் என்பவர் ஏழாவது ஆள், றிங்க் முழுவதும் அலைகிறவர். கிழக்கு லீக் ஏழாவது ஆளை 1911இலேயே நீக்கிவிட்டது. பசிபிக் கரை லீக் 1922 வரை வைத்திருந்தது. முன்னோக்கிப் பக்கைத் தள்ளிக் கொடுக்கவே கூடாது என்பதுதான் பழைய விதி. நடுப்பகுதியில் கொடுக்கலாம் என்று 1913-14இல் முதலில் திறந்துவிட்டதும் பசிபிக் கரை லீக்தான்.

ஆகவே ஜோ மலோன் அதே 1917-18 மாரியில் என்எச்எல்லில் 20 ஆட்டத்தில் 44 அடித்தார், யார் பெரியவர் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லாதீர்கள். ஒருவர் ஆறு பேர் ஆட்டம், மற்றவர் ஏழு பேர் ஆட்டம். ஒரே மாரியில் ஒரே பெயருள்ள இரண்டு விளையாட்டு. அசிஸ்ற், அதாவது இன்னொருவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்த கணக்கு, அந்தக் கட்டமும் அப்படித்தான்: பழைய லீக்குகள் பல அதை எண்ணவே இல்லை. பட்டியலில் பூச்சியம் போட்டிருந்தாலும் நீங்கள் பூச்சியம் எழுதக் கூடாது, கோடு போடுங்கள். எங்கள் சம்பளப் பகுதியில் பூச்சியத்துக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டோம்.

1915இல் வன்கூவர் ஒட்டாவாவை மூன்று ஆட்டத்திலும் வென்று ஸ்ரான்லி கிண்ணத்தை மேற்குக் கரைக்குக் கொண்டுபோனது. வென்றவர்களின் பெயர்களைக் கிண்ணத்தின் உட்பக்கத்தில் பொறித்தார்கள். இன்று தூக்கிக்கொண்டு திரிகிற கிண்ணத்தின் மேற்பாத்திரம் நகல். அசல் பாத்திரம் ரொறன்ரோவில், யங் வீதியும் ஃப்ரன்ற் வீதியும் சந்திக்கிற இடத்திலுள்ள ஹொக்கி மண்டபத்தின் (பெயர்பெற்ற ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபம்) பழைய வங்கி வைப்பறையில் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

நாலாவது கட்டத்தை மறந்துவிடாதீர்கள்

பெரும்பாலான அட்டைகள் கிண்ணத்தோடு முடிந்துவிடும். ரெய்லரின் குடிவரவு உத்தியோகம் அவரோடு வன்கூவருக்கும் வந்தது. 1914 மே 23இல் கோமகட்டா மரு என்ற கப்பல் வன்கூவர் துறைமுகத்துக்குள் வந்தபோது அதில் 376 பேர். பெரும்பான்மையோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். கப்பலில் ஏறிய குடிவரவு அதிகாரிகளில் ரெய்லரும் ஒருவர். இரண்டு மாதம் கப்பல் கரையில் ஆட்களை இறக்க விடாமல் நிறுத்தப்பட்டது. முன்பே கனடாவில் வாழ்ந்தவர்கள் உட்பட இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர மற்றவர்கள் ஜூலை 23இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முடிவெடுத்தவர் ரெய்லர் அல்ல, அவர் கீழ்நிலை அதிகாரி. ஆனால் சம்பளப் புத்தகத்தில் அந்த மாதமும் இருக்கிறது.

அந்தக் காலத்து விதிப்படி ஆசியாவிலிருந்து வருகிற ஒருவர் கையில் 200 டொலர் காட்ட வேண்டும். ஊரிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வந்திருக்கவும் வேண்டும். நான் இந்த 200ஐ எடுத்து ரென்ஃப்ரூ வரிக்குப் பக்கத்தில் எழுதினேன். ஒரு ஆட்டத்துக்கு அவர் வாங்கியது இரண்டு பேருக்கான தொகைக்கும் மேல். பேரன் அதை அட்டையில் போடலாமா என்று கேட்டான், போடு என்றேன். 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் அதே மாகாணத்துக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. இதை விட்டுவிட்டு ஹொக்கியை மட்டும் எழுத எனக்கு மனம் வராது. உங்கள் பிள்ளையின் வயதைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கோமகட்டா மரு ஆவணங்களை சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம் தனித் தளத்தில் வைத்திருக்கிறது. ரெய்லர் 1921இல் முழுநேர ஆட்டத்தை நிறுத்தினார். குடிவரவில் உயர்ந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூகோனுக்கும் ஆணையாளரானார், 1946இல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச பட்டம், 1947இல் ஹொக்கி மண்டபத்தில் இடம், 1950இல் ஓய்வு. ஆட்டம் பதினைந்து வருடம் போல, உத்தியோகம் நாற்பது வருடத்துக்கு மேல்.

மூலங்கள் பற்றி மிச்சம் இரண்டு சொல். ரொறன்ரோ பொது நூலக அட்டை இருந்தால் குளோப், ஸ்ரார் இரண்டின் பழைய இதழ்களையும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஒட்டாவா சிற்றிசன் பழைய இதழ்கள் கூகிளின் செய்தித்தாள் தொகுப்பில் படமாகக் கிடக்கின்றன. மண்டபத்தின் ஆய்வு நிலையம் எற்றோபிக்கோவில், முன்கூட்டியே நேரம் கேட்டுத்தான் போக வேண்டும்.

வகுப்பில் இன்னொரு பிள்ளை ரெய்லரை எடுத்துவிட்டால் ஹொட் ஸ்ருவர்ட் நல்ல தெரிவு: அவரும் மிச்சிகன் பக்கம் ஆடினவர், 1907 ஜூனில் நீரில் பாய்ந்து இறந்தார், அடுத்த ஜனவரியில் அவருடைய குடும்பத்துக்காக ஒரு நிதி ஆட்டம் நடந்தது. அல்லது ஜோ ஹோல். இங்கிலாந்தில் பிறந்து பிரண்டனில் வளர்ந்தவர், 1919 ஸ்ரான்லி கிண்ண இறுதிக்கு சியாற்றிலுக்குப் போன இடத்தில் இன்ஃப்ளுவென்சா வந்து ஏப்ரல் 5இல் அங்கேயே இறந்தார். அந்த வருடம் கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஹோலை எடுக்கிறவர்கள் சியாற்றில் பத்திரிகைகளை மார்ச் கடைசியிலிருந்து தொடங்குங்கள், பிறகு பின்னோக்கிப் போங்கள்.